டவர் இல்லாத ஊருக்கு வர்றவங்க கவனத்துக்கு

ஏற்காட்டுல இருந்து உள்ளே தள்ளி ஹோம்ஸ்டே நடத்துற எங்க மாமா, புக்கிங் பேசணும்னாலே பாறை மேல ஏறணும். அங்கதான் டவர் எடுக்கும். அதனால மேப்பைச் சேலத்துலயே டவுன்லோடு பண்ணிக்கங்க. எத்தனை பேரு, சைவமா அசைவமான்னு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ராத்திரி வந்து நின்னு "நாட்டுக்கோழி இல்லையா?"ன்னா மனுசன் எங்க போவாரு?

அப்புறம், "காட்டுப்பன்னிக் கறி கிடைக்குமாண்ணே?"ன்னு ரகசியமா கேக்குறவங்களுக்கு: வனவிலங்குச் சட்டம் 1972-லயே வந்தாச்சு சாமி. அலாஸ்கால லைசென்ஸோட வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறவங்க, டவர் இல்லாத காட்டுல சேட்டிலைட் கருவியில தகவல் அனுப்பிக்குவாங்க. இங்க சேட்டிலைட் போனுக்கே அரசு அனுமதி வேணும். நமக்கு எஸ்எம்எஸ் போதும், லேசா சிக்னல் வந்தாலே போய்ச் சேர்ந்துடும். மழைக்காலத்துல மலைப்பாதையில மண் சரிஞ்சா குப்பனூர் வழியா வாங்க.