வாஷிங்டன் மாநிலத்தில் சி.பி.ஏ. உரிமம் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் கணக்காளர் உரிமத்துக்கான சி.பி.ஏ. (சர்ட்டிஃபைட் பப்ளிக் அக்கவுண்டன்ட்) தேர்வில் நான்காவது தாளும் பாஸ் என்று தெரிந்த அன்றே லிங்க்ட்இன்னில் என் பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. என்று போட்டேன். அரை மணி நேரத்தில் கூட வேலை பார்க்கும் தோழி கூப்பிட்டார். "அதை உடனே எடுத்துடுங்க" என்றார். தேர்வில் தேறினால் மட்டும் போதாது, மாநிலக் கணக்கியல் வாரியம் உரிமம் கொடுத்த பிறகுதான் அந்த மூன்று எழுத்தைப் பயன்படுத்தலாம், அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு என்று அவர்தான் விளக்கினார். அப்புறம் உரிமம் கைக்கு வர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நம் ஊரில் சி.ஏ. என்றால் நாடு முழுக்க ஒரே இன்ஸ்டிடியூட், ஒரே விதி. அமெரிக்காவில் அப்படி இல்லை. 1896இல் நியூயார்க் முதல் சி.பி.ஏ. சட்டம் போட்டதிலிருந்து உரிமம் தருவது மாநிலத்தின் அதிகாரம். இப்போது 50 மாநிலங்கள், தலைநகரப் பகுதி, போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பகுதிகள் எல்லாம் சேர்த்து 55 வாரியங்கள். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். உரிம விதி மட்டும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மாறும். அதனால் தேர்வுப் புத்தகம் வாங்கும் முன், எந்த மாநிலத்தில் உரிமம் வேண்டும் என்று முடிவு செய்து அந்த வாரியத்தின் விதியை முழுதாகப் படியுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

கணவர் வேலைக்காக வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகருக்கு வந்தவள் நான். மதுரையில் பி.காம்., எம்.காம். முடித்திருந்தேன். அப்போது வாஷிங்டனில் உரிமத்துக்கு 150 செமஸ்டர் மணி (ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்றால் அது ஒரு மணி) படிப்பு வேண்டியிருந்தது. நம் படிப்பு அந்தக் கணக்கில் எவ்வளவு என்பதை மதிப்பிட, பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும். கொரோனா காலம் அது. அப்பா மூன்று முறை அலைந்தார். முதல் முறை சலான் கட்ட, இரண்டாம் முறை "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்க, மூன்றாம் முறை உறையின் ஒட்டிய ஓரத்தில் கையெழுத்தும் சீலும் இல்லாததைப் பார்த்துத் திரும்ப வாங்க. அந்தச் சீலை அவர் கவனித்திருக்காவிட்டால் இன்னும் மாதக்கணக்கில் போயிருக்கும்.

மதிப்பீட்டில் 138 வந்தது. 12 மணி குறைவு. சரி, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஐந்து கிரெடிட் பாடம் மூன்று எடுத்தால் 15 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தேன். ஆனால் அந்தக் கல்லூரி குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக இயங்குகிறது. ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட் சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் மணி. என் 15 அங்கே 10தான். இரண்டு மணிக்காக இன்னொரு குவார்ட்டர் முழுக்க நான்காவது பாடம் படித்தேன். மொத்த மணி மட்டும் இல்லை, அக்கவுண்டிங்கில் இத்தனை, அதில் மேல்நிலைப் பாடம் இத்தனை என்று தனிக் கணக்கும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

தேர்வைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு தாள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், 75 எடுத்தால் பாஸ். நான் 2022 ஜூனில் எஃப்.ஏ.ஆர். (நிதிக் கணக்கியல்) தாளை முதலில் தேறினேன். அப்போது முதல் தாள் தேறிய பிறகு 18 மாதத்துக்குள் மற்றதை முடிக்க வேண்டும். இப்போது பெரும்பாலான மாநிலங்களில் அது 30 மாதம். பழைய முறையில் இருந்த பி.இ.சி. (வணிகச் சூழல்) தாளுக்கு 2023 டிசம்பர் 15தான் கடைசி நாள், 2024 ஜனவரியில் புதிய முறை வந்துவிட்டது. அந்த டிசம்பரில் நான் தூங்கிய நேரம் கொஞ்சம்தான். இப்போது எழுதுபவர்களுக்கு ஏ.யு.டி. (தணிக்கை), எஃப்.ஏ.ஆர்., ஆர்.இ.ஜி. (வரியும் வணிகச் சட்டமும்) மூன்றும் கட்டாயம், நான்காவதை மூன்று சிறப்புத் தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நெறிமுறைத் தேர்வு. வீட்டிலேயே புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், ஆனால் 90 விழுக்காடு வேண்டும். பொறுமையாக எழுதினால் கஷ்டம் இல்லை.

நான் உண்மையில் மாட்டிக்கொண்டது அனுபவச் சான்றில். குறைந்தது ஒரு வருடம், 2,000 மணி நேர வேலை. தணிக்கை நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நான் ஒரு கம்பெனியின் இன்டர்னல் ஆடிட்டில் இருந்தேன், அது செல்லும். ஆனால் சான்று தருபவர் ஐந்து ஆண்டாவது உரிமம் வைத்திருக்கும் சி.பி.ஏ.வாக இருக்க வேண்டும். என் மேலாளர் உரிமம் வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இந்த விதியை வேலையில் சேர்ந்த அன்று படித்திருந்தால் முதல் நாளிலிருந்தே சரியான ஆளிடம் போயிருப்பேன். கடைசியில் வரிப் பிரிவில் இருந்த ஒரு மூத்த சி.பி.ஏ. ஒத்துக்கொண்டார். சும்மா கையெழுத்துப் போடவில்லை அவர். நான்கு வாரம், வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் வேலைத்தாள்களைப் பார்த்தார். ரிஸ்க்கை எப்படி மதிப்பிட்டாய், இந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே, வேறு யாராவது படித்தால் புரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மக்கள் நம்பிப் பணத்தை ஒப்படைக்கிற தொழிலுக்கு இப்படி ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது நியாயம் என்றுதான் எனக்கு அப்போது பட்டது, தாமதமானது வருத்தமாக இருந்தாலும்.

இப்போது 150 மணி விதியும் தளர்ந்து வருகிறது. ஓஹையோ 2025 ஜனவரியில் சட்டம் இயற்றி, இளங்கலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் போதும் என்று இன்னொரு வழியைத் திறந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்திருக்கின்றன. அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், விண்ணப்பிக்கும் அன்று வாரியம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

2025 மார்ச்சில் வாரியத்தின் தேடல் பக்கத்தில் என் பெயரும் உரிம எண்ணும் வந்தன. லிங்க்ட்இன்னை அப்புறம்தான் திறந்தேன். அதற்கு முன் அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதை பிரிண்ட் எடுத்து, அந்த சலான் ரசீதுகள் இருக்கும் ஃபைலிலேயே வைத்திருக்கிறார்.