சுண்டுவின் காதும் அம்மம்மாவின் பன்பாயும்

கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு கல்லடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த பூனைக்குட்டிதான் சுண்டு. அப்போது இரண்டு மாதம் இருக்கும். மூன்றாவது கிழமை அதன் வலது காதோரம் மயிர் உதிர்ந்து, சாம்பல் தூவியதுபோல் செதில் தெரிந்தது. பெரிதாகச் சொறியவும் இல்லை.

"தெருப் பூனையோட சண்டை பிடிச்சிருக்கும் புள்ள, மஞ்சளப் பூசு" என்றார் அம்மம்மா. பூசிய மஞ்சளை அது நக்கியே தீர்த்தது. அடுத்து நான் செய்ததுதான் பெரிய பிழை. பூனைக்கென்று சொல்லாமல் பாமசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினேன். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. பத்தாம் நாள் பார்த்தால் முகத்திலும் முன்காலிலும் புதிதாக மூன்று வட்டங்கள். அதே கிழமை மகளின் கையிலும் ஒரு வட்டம், விளிம்பு தடித்து, நடு வெளிறி. பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் பூஞ்சை நோயான படர்தாமரை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஸ்டீரொய்ட் சிவப்பை அடக்கி, பூஞ்சையைப் பரவ விட்டிருந்தது.

மிருக வைத்தியர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். காதோரம் பச்சையாக ஒளிர்ந்தது. நான் "சரி, கண்டுபிடிச்சாச்சு" என்று நினைக்க, அவர் இல்லை என்று தலையாட்டினார். பூசிய கிறீமும் செதிலும்கூட மினுங்குமாம். மயிரின் தண்டு நெடுக ஆப்பிள் பச்சை தெரிந்தால்தான் கணக்கு. அப்படித் தெரிந்த நாலைந்து மயிரைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு ஒரு புதுப் பல் பிரஷால் உடம்பு முழுக்க வாரி, அதை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை முளைத்துத் தெரிய இரண்டு மூன்று கிழமை ஆகும் என்பதால் மருந்தை அன்றே தொடங்கினோம். முடிவு வந்தபோது பெயர் மைக்ரோஸ்போரம் கேனிஸ். பூனைகளில் அதிகம் வருவது இதுதானாம்.

மருந்து இட்ராகொனசோல், கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. ஒரு கிழமை கொடுத்து ஒரு கிழமை விட வேண்டும், இப்படி மூன்று சுற்று. சுண்டுவுக்கு ஒரு கிலோ சொச்சம்தான். மனிதருக்கான 100 மில்லிகிராம் குளிசையைப் பிரித்துக் கொடுக்கும் விளையாட்டே வேண்டாம் என்று சொல்லித் திரவ மருந்தாகத் தந்தார். ஈரலைத் தாக்கக்கூடிய மருந்து. சாப்பாடு குறைந்தாலோ சத்தி எடுத்தாலோ உடனே வரச் சொன்னார்.

அது சுலபம். குளிப்பாட்டுவதுதான் யுத்தம். மைக்கொனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூ, கிழமைக்கு இரண்டு தரம், நுரையோடு பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம்! முதல் நாள் என் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை கீறல். இரண்டாம் தரம் பழைய துவாயில் பொட்டலமாகச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, மகள் கருவாட்டைக் காட்டிக்கொண்டிருக்க ஒருவாறு முடித்தோம்.

வீடு இன்னொரு கதை. உதிர்ந்த மயிரில் பூஞ்சை வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம். அதனால் சுண்டுவைப் பின்னறையில் அடைத்தோம். நாள்தோறும் மயிரைக் கூட்டி அள்ளி, சவர்க்காரத்தால் கழுவி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கலந்த பிளீச். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றி வேலையில்லை. துணிகளை இரண்டு தரம் துவைத்தேன். அம்மம்மாவின் பன்பாயை என்ன செய்தும் இடுக்கில் சிக்கிய மயிர் வரவில்லை. கடைசியில் எரித்தேன்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் தந்த க்ளோட்ரிமசோல் கிறீமோடு ஒரு மாதத்தில் மாறியது. சுண்டுவுக்கு ஐந்தாம் கிழமையே மயிர் முளைத்துவிட்டது, பார்க்க நல்ல சுகம். நானாக இருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். வைத்தியர் விடவில்லை. பளபளவென்று இருந்த அதே உடம்பை மறுபடி பிரஷால் வாரி அனுப்பினார், பூஞ்சை முளைத்தது! இன்னொரு சுற்று மருந்து. அதற்குப் பிறகு எடுத்த இரண்டு பிரஷிலும் ஒன்றும் முளைக்காததால்தான் பின்னறைக் கதவைத் திறந்தோம்.

சுண்டு இப்போது அம்மம்மாவின் காலடியில்தான் படுக்கிறது. அதோடு நாள் முழுக்கக் கதைக்கிறார். பாய் எரிந்த நாளிலிருந்து என்னோடுதான் அளந்து பேசுகிறார்.