தாத்தா வீட்டுச் சுவரும் கொல்லையும்

கும்பகோணத்தில் தாத்தா வீட்டைப் புதுப்பிக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். முன்பு யாரோ சமையலறைச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பழைய செங்கல்லின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, தட்டினாலே உதிர்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்தோம். கொத்தனார் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்; வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. காய நாளாகும், ஆகட்டும்.

கொல்லையில் புதரை வெட்டியதும் துணி துவைக்கும் கல் தெரிந்தது. சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கினால்தானே கிணறு ஊறும்? கல்லை ஒட்டி வாழை வைத்தாயிற்று. அப்புறம், அம்மா கேட்ட கறிவேப்பிலையும். இனி ஓடு மாற்ற வேண்டும்.