தறிச் சத்தமும் தள்ளாட்டமும்

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவருக்குக் காது மந்தமானால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நடை தடுமாறினால் மட்டும் தறியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. பித்தம், பிரஷர், வயசு என்பார்கள். குடித்திருக்கிறான் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அதுதான் மனசை அறுக்கிறது.

நான் தறி பிட்டர். பழைய நாடாத் தறி நூலைக் குறுக்கே இழுத்துப்போகும் நாடாவை நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்து அனுப்பும். வரிசையாக ஓடும் பட்டறையில் 95 டெசிபல் சாதாரணம். தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90தான் எல்லை. எங்கள் ஷிப்ட் 12 மணி நேரம்.

கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், இளவயதிலிருந்தே தறிக்காரர். பகலில் தறிகளுக்கு நடுவே ஒடுக்கமான சந்தில் எங்கும் இடிக்காமல் போய்வருவார். ராத்திரி கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் ஒரு கை சுவரில் இருக்கும். "தலை சுத்துதாண்ணா?" என்றால், "சுத்தலப்பா, தரை நகர்ற மாதிரி இருக்குது" என்பார்.

ஈரோட்டில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கேட்கும் திறனை அளந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அண்ணன் சாயச் சாய, டாக்டரின் கை தோளுக்குப் போய்விட்டது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்த பிறகுதான் காரணம் சொன்னார். கேட்பதற்கான நத்தை எலும்பும், உடம்பை நிலைநிறுத்தும் பைகளும் அரைவட்டக் குழாய்களும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன. இவற்றுக்குள் இருப்பதும் ஒரே வகைத் திரவம்தான். சாக்யூல் என்ற பை, ஒலி நுழையும் இடத்துக்கு மிகப் பக்கம். வருடக்கணக்கான சத்தம், அதில் அசைவை உணரும் மயிரணுக்களையும் கெடுக்கலாம். கண்ணும் பாதமும் ஓரளவு ஈடுகட்டுவதால் வெளிச்சத்தில் தெரியாது, இருட்டில் தெரிந்துவிடும்.

சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் சத்தத்தால் வரும் காதுகேளாமை இருக்கிறது. தள்ளாட்டம் இல்லை. காது முகாம் நடத்துகிறவர்கள் கண்ணை மூடி நிற்கச் சொல்லியாவது பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை அது.

அண்ணன் இப்போது, ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தலையை இடம் வலம் அசைக்கும் பயிற்சி செய்கிறார். காதடைப்பான் போட மற்றவர்கள் தயங்குகிறார்கள். தறி ஓட்டத்தில் கோளாறு வந்தால் சத்தத்தை வைத்துத்தானே பிடிக்கிறோம். அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் வற்புறுத்துகிறேன். கரண்ட் போனால் எரியும் விளக்கு சந்துக்கு ஒன்று கேட்டிருந்தோம். முன்வரிசைக்கு ஓனர் மாட்டிவிட்டார், பின்வரிசைக்கு இன்னும் பாக்கி.