கனத்த உடலுக்கு ஏற்ற பெடலும் காலணியும்: ஓர் ஆடி மாத நாட்குறிப்பு

2024 ஜூலை 17, புதன்

ஆடி பிறந்த நாளிலேயே மேல்காற்று முழு வேகத்தில் இறங்கிவிட்டது. காலையில் வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் சாலையில் மேற்கு நோக்கி மிதித்தபோது, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மிதியையும் அழுத்தியே போட வேண்டியிருந்தது. நரசீபுரம் பிரிவை எட்டுவதற்குள் வலது காலின் பெருவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. என் எடை 112 கிலோ. நான் அணிந்திருந்தது ஓடுவதற்கென்று செய்யப்பட்ட காலணி. தரையில் விழும் அடியை உள்வாங்குவதற்காக அதன் அடியில் பஞ்சு போன்ற நுரை வைத்திருக்கிறார்கள். அந்த நுரை என் எடைக்கு முழுவதும் அமுங்கிவிடுவதால், பெடலின் விளிம்பு நேராகப் பாதத்து எலும்பில் அழுந்துகிறது. இனி இதில் ஓட்டப் போவதில்லை. காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் முறைக்கு மாறிவிட முடிவு செய்தேன்.

2024 ஜூலை 19, வெள்ளி

பூட்டிக்கொள்ளும் பெடலுக்கு ஏன் ‘கிளிப் இல்லாதது’ என்று பெயர் என்று பட்டறையில் தம்பி கேட்டான். முன்பெல்லாம் கால்விரலைச் செருகிக்கொள்ளும் இரும்புக் கூட்டையும் தோல்வாரையுமே கிளிப் என்றார்கள். அவை நீங்கியதால் வந்த பெயர் இது. பனிச்சறுக்குக்கான பூட்டுகளைச் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984-இல் இதைச் சாலை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தை வென்றார். ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி என்ற பூட்டுப் பெடல் 1990-இல் வந்தது.

என்னைப் போன்ற எடையுள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெடலின் அச்சைத்தான். லேத் பட்டறை நடத்துபவன் என்பதால் இது எனக்குக் கண்முன் தெரிகிறது. அச்சின் ஒரு முனை மட்டுமே பெடலைத் தாங்கிச் சுழலும் கையான கிராங்கில் முடுக்கப்பட்டிருக்கிறது, மறுமுனைக்குத் தாங்கல் எதுவும் இல்லை. பாதத்தின் நடுப்பகுதி கிராங்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்கிறது. மேட்டில் எழுந்து நின்று கைப்பிடியை இழுத்தபடி மிதிக்கும்போது, உடல் எடைக்கும் கூடுதலான விசை அந்த ஒற்றை அச்சை வளைக்கப் பார்க்கிறது. எடை குறைவு என்பதற்காக டைட்டானியம் அச்சு வாங்குவது நமக்கு உதவாது. ஸ்பீட்பிளே நிறுவனத்தின் பழைய டைட்டானியம் பெடலுக்கு ஓட்டுபவரின் எடை 84 கிலோவைத் தாண்டக் கூடாது என்று செய்தவர்களே வரம்பு வைத்திருந்தார்கள். குரோமோலி எஃகு அச்சில் சில கிராம் கூடினால் கூடட்டும். கால்கள் இன்னும் அகன்று நிற்க வேண்டும் என்று பெடலுக்கும் கிராங்குக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் நீட்டிப்பானைச் செருகுவோர், அதே விசை கிராங்கின் மரையை இன்னும் அதிகமாக நெம்பும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 21, ஞாயிறு

காலணியின் அடிப்பாகம்தான் நம் உண்மையான பெடல் என்று இன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. எஸ்பிடி பூட்டின் உலோகப் பரப்பு கட்டைவிரல் அளவுதான். அடிப்பாகம் வளைந்தால் முழு எடையும் அந்த இடத்திலேயே இறங்கும். விறைப்பாக இருந்தால் பாதம் முழுவதும் பரவும். ஆகவே காலணியை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற பெடலைப் பிறகு வாங்குவதே எடையுள்ளவர்களுக்குச் சரியான வரிசை.

சாலைப் பந்தயக்காரர்கள் விரும்பும் மூன்று போல்ட் எஸ்பிடி-எஸ்எல் பெடலின் பரப்பு அகலமானது என்பது உண்மைதான். ஆனால் அதன் பிளாஸ்டிக் கிளீட், அதாவது பெடலில் பூட்டிக்கொள்வதற்காகக் காலணியின் அடியில் முடுக்கும் துண்டு, காலணிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். டீக்கடை வாசலில் இறங்கி நடந்தாலே அது தேயும்; 112 கிலோவுக்கு இன்னும் விரைவாகத் தேயும். அடியில் குழிந்த இடத்தில் உலோகக் கிளீட் உட்காரும் இரண்டு போல்ட் காலணியே எனக்குப் பொருந்தும். கண்ணாடி இழை கலந்த நைலான் அடிப்பாகம் போதுமான விறைப்பைத் தருகிறது. கார்பன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

அகலத்தில்தான் நான் முன்பு ஏமாந்தேன். போன ஆண்டு ஒரு கடையில், “போடப் போட இளகிடுமுங்க” என்று சொன்னதை நம்பி வாங்கிய காலணி, விறைத்த அடிப்பாகம் கொண்டது என்பதால், ஒரு நூல்கூட இளகவில்லை. இன்று மாலை, கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, காகிதத்தின் மேல் நின்றுகொண்டு மனைவியை விளிம்பு வரையச் சொன்னேன். “ஏங்க, ரெண்டு காலும் ஒரே அளவா இல்லீங்களே” என்றாள். உண்மைதான், வலது பாதம் நான்கு மில்லிமீட்டர் அகலம் அதிகம். பெரிய பாதத்தின் அளவுக்கே அகல வார்ப்புக் காலணி ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

2024 ஜூலை 27, சனி

காலணியும் ஷிமானோ எம்530 பெடலும் வந்துவிட்டன. இருபுறமும் பூட்டு, சுற்றிலும் காலணி விளிம்பைத் தாங்கும் சட்டம், எஃகு அச்சு. இடது பெடலுக்கு இடமரை என்பதை மறந்து வலம் சுற்றினால் கிராங்கின் மரை போய்விடும். மரையில் கிரீஸ் தடவி, 35 முதல் 55 நியூட்டன் மீட்டர் வரை என்ற அளவின் நடுவில் முடுக்கினேன். கிளீட்டின் போல்ட்டுகளுக்கு ஐந்தோ ஆறோ போதும்.

2024 ஜூலை 28, ஞாயிறு

சுவரைப் பிடித்து நின்று இருபது முறை பூட்டிக் கழற்றிப் பழகிய பிறகும், பேரூர் அருகே ஆட்டோ ஒன்று திடீரென்று நின்றபோது குதிகாலை வெளியே திருப்ப மறந்து அப்படியே இடப்பக்கம் சாய்ந்துவிட்டேன். முழங்கையில் தோல் வழண்டது. “ஏனுங்ணா, அடி பலமுங்களா?” என்று ஓடிவந்த பையன் வண்டியைத் தூக்கிவிட்டான். கனத்த உடல் ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டால் பிறகு எதைக் கொண்டும் நிறுத்த முடியாது. ஆகவே நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்துவிட வேண்டும். எல்லாத் திசையிலும் கழலும் எஸ்எச்56 கிளீட் வாங்கலாமா என்று யோசித்தேன். ஆனால் மேட்டில் நான் காலை மேல்நோக்கி இழுக்கும் வலுவுக்கு அது வேண்டாத இடத்தில் கழன்றுவிடக்கூடும். பெடலோடு வந்த எஸ்எச்51-ஐயே வைத்துக்கொண்டு, ஆலன் கீயால் பெடல் பூட்டிலுள்ள சுருள்வில்லின் இறுக்கத்தை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தினேன். இப்போது சிறிய திருப்பலிலேயே விடுகிறது.

2024 ஆகஸ்டு 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. குடும்பத்தோடு பேரூர் படித்துறைக்குப் போய்வந்ததால் வண்டியைத் தொடவில்லை.

2024 ஆகஸ்டு 11, ஞாயிறு

தடாகம், மாங்கரை வழியாக ஆனைகட்டி. நன்றாக விடிந்த பிறகே காட்டுச் சாலைக்குள் நுழைந்தேன். மாங்கரை தாண்டியதும் எழும் மேட்டில் பாதம் அடிப்பாகத்தோடு ஒட்டி நின்றது, பெடல் சட்டத்தில் காலணியின் பற்கள் பதிந்தன, அச்சில் எந்த ஆட்டமும் இல்லை. ஆனாலும் பாதி வழியில் அதே மூன்று விரல்களில் சூடு ஏறியது. ஓரமாக நின்று கிளீட்டைத் தளர்த்தி, ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் குதிகால் பக்கமாக நகர்த்தி மறுபடியும் முடுக்கினேன். விரல் மூட்டின் மேல் இருந்த சுமை பாதத்தின் நடுப்பக்கம் தள்ளிப்போனது. ஆனைகட்டி கடைவீதியில் இறங்கியபோது பத்து விரல்களையும் உணர முடிந்தது. கடைக்குள் வழுக்காமல் நடந்து போய் டீ குடித்தேன்.

மாலையில் பட்டறைக்கு வந்து போல்ட்டுகளைச் சோதித்தேன்; வலது கிளீட்டில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கிவிட்டு, இரும்பில் கோடு கிழிக்கும் ஊசியால் இரண்டு கிளீட்டுகளின் விளிம்பையும் ஒட்டி அடிப்பாகத்தில் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். கிளீட் தேய்ந்து மாற்றும் நாளில், புதியதை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார வைத்துவிடலாம்.