செம்பரம்பாக்கத்தின் இரண்டு அடி

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி, ஏறத்தாழ நிரம்பியிருந்த அந்த ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட இரவில், அடையாற்றை ஒட்டிய எங்கள் தெருவில் தண்ணீர் மார்பளவுக்கு ஏறியது. அன்று முதல் ஏரியின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்க்காமல் என் மழைக்கால நாள் தொடங்குவதில்லை.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 22 அடியை எட்டியதுமே மதகுகளைத் திறந்தார்கள். அது சரியான முடிவு. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்வதற்கு முன்பே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழிந்து ஆற்றை நிரப்பிவிடுகின்றன. ஆகவே அவை வழியத் தொடங்கும் முன் சிறுகச் சிறுகத் திறப்பதே கரையோர மக்களைக் காக்கும்.

ஆனால் 22க்கும் 24க்கும் இடைப்பட்ட அந்த இரண்டு அடி என்பது சுமார் 600 மில்லியன் கன அடி, அதாவது நகரத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும் குடிநீர். 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா? பருவமழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும் இக்காலத்தில், ஆண்டு முழுவதற்கும் ஒரே மட்டத்தை வைத்துக்கொள்வது போதாது. நவம்பர் தொடக்கத்தில் வெள்ளத்தைத் தாங்க ஏரியில் தேவைப்படும் வெற்றிடம், வங்கக் கடலில் எந்தத் தாழ்வுப் பகுதியும் தென்படாத டிசம்பர் கடைசியில் தேவைப்படாது. வானிலை மையத்தின் ஐந்து நாள் முன்னறிவிப்பைக் கொண்டு வாரந்தோறும் அந்த மட்டத்தை மாற்றியமைக்கலாம். புதிய அணைக்கு ஆகும் காலமும் செலவும் இதற்கு ஆகாது.

திறந்துவிடும் நீரும் முழுவதும் கடலுக்குப் போக வேண்டியதில்லை. வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் குடித்தோம்; மழைக்காலத்தில் உபரிநீரை அங்கே திருப்பி நிரப்புவதை வழக்கமாக்கிவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

வீடுகளின் பங்கும் உண்டு. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது, ஆனால் தொட்டியைக் கட்டியவர்களில் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. எங்கள் தொட்டியில் மழைநீரை வடிகட்டி நிலத்துக்குள் இறக்கும் மணலை இந்த ஆகஸ்டில் அள்ளியபோது அதன்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. சொட்டு நீரும் கீழே இறங்கியிருக்காது. மணலைக் கழுவிப் போட்ட பிறகு இரண்டு இரவு நல்ல மழை பெய்தது. அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கிப் பார்த்தேன். ஒரு முடிச்சு அளவுக்கு நீர் ஏறியிருந்தது.