பிங்க் ஃபோமில் ஒரு பாடி

2024 மார்ச் 23, சனி

கராஜில் இன்று ட்ரெய்லர் சக்கரத்தில் நின்றுவிட்டது. இரண்டு அட்டைப்பெட்டியில் வந்த இரும்புச் சட்டங்களை நானும் அப்பாவும் நட்டு போல்ட் போட்டுக் கோத்தோம். 4 அடி அகலம், 8 அடி நீளம், 12 அங்குலச் சக்கரம். இதன் மேல்தான் கேம்பரின் கூடு வரப்போகிறது; காரின் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துத் தூங்குகிற சின்ன அறை.

எதற்காக இந்த வேலை என்பதையும் எழுதி வைக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கரூரிலிருந்து இங்கே மிச்சிகனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார்கள். போன முறை வந்தபோது ஏரிக்கரையில் டென்ட் போட்டுப் படுத்தோம். காலையில் அம்மாவால் முட்டியை ஊன்றி எழவே முடியவில்லை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். அதன் பிறகு கேம்பிங் என்ற பேச்சை அம்மா எடுப்பதே இல்லை. ஆனால் அந்த ஏரியைப் பற்றி மட்டும் போனில் வாராவாரம் கேட்பார்.

கேம்பர் வாங்கலாம் என்றால் பணம் ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். என் கார் 1,500 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடையில் விற்கிற சின்ன கேம்பர்களே பலதும் ஆயிரம் பவுண்டைத் தாண்டுகின்றன; அதற்கு மேல் சாமான் வேறு. 1930களிலிருந்தே அமெரிக்கர்கள் கண்ணீர்த்துளி வடிவத்தில் சின்ன ட்ரெய்லர்களை வீட்டிலேயே ப்ளைவுட்டில் செய்து வருகிறார்கள். ப்ளைவுட்டுக்குப் பதில் ஃபோம் பலகை வைத்து, அதன் மேல் கேன்வாஸ் துணியைப் பசையால் ஒட்டி, பெயின்ட் அடித்தால் எடை பாதியாகும். நான் எடுத்திருப்பது அந்த வழி.

அப்பா 31 வருஷம் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தையலும் கூரை லைனிங்கும் பார்த்தவர். நான் வரைந்த படத்தைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். "ஏங்கண்ணு, ஆங்கிள் எங்க?" என்றார். இரும்பு ஆங்கிள் கிடையாதுங்கப்பா, ஃபோம்தான் சுவர் என்றேன். "தெர்மாகோல்லயா? எலும்பில்லாம பாடி எப்படி நிக்கும்?"

2024 மார்ச் 30, சனி

ஃபோம் வந்துவிட்டது. 4க்கு 8 அடி, 2 அங்குலக் கனம், ஏழு பலகை. ஒன்று 8 பவுண்டுதான். ஏழும் சேர்ந்து ஒரு 25 கிலோ அரிசி மூட்டை கனம் இருக்கும். அம்மாவே ஒரு பலகையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினார்.

இது நம் ஊர் தெர்மாகோல் இல்லை. அதில் மணி மணியாக உதிரும், இடுக்கில் தண்ணீர் நுழையும். இது எக்ஸ்பிஎஸ், பாலிஸ்டைரினை உருக்கிப் பிழிந்து எடுப்பது. உள்ளே மூடிய நுண்ணறைகள் என்பதால் தண்ணீர் அவ்வளவாக ஏறாது. பிங்க் நிறத்தில் இருப்பது ஓவன்ஸ் கார்னிங் கம்பெனியினுடையது. 1980களில் அந்த பிங்க் நிறத்தையே வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டார்கள். தலைமையகம் இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போகிற டொலிடோவில்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை. ஓரடி அகலத் துண்டு ஒன்றை இரண்டு செங்கல் அடுக்குக்கு நடுவில் பாலம் போல வைத்தேன். இடைவெளி 2 அடி. அப்பா ஏறி நின்றார், 60 கிலோ. டப்பென்று இரண்டாக உடைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டுகளை எடுத்து ஓரமாக வைத்தார். அதே அளவு இன்னொரு துண்டின் இரண்டு முகத்திலும் கேன்வாஸ் ஒட்டிச் சமையலறையில் காய வைத்திருக்கிறேன். கராஜில் வைக்க முடியாது. டைட்பாண்ட் 2 என்கிற இந்த மரப்பசைக்கு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது வேண்டும். கராஜில் இப்போது 41.

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று டொலிடோ பக்கம் போய் முழுக் கிரகணம் பார்த்தோம். இரண்டு நிமிஷம்கூட இல்லை, ஆனால் தெரு விளக்கெல்லாம் எரிந்தது. அம்மா கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பிட்டார்.

இன்று சாயங்காலம் அந்தத் துணி ஒட்டிய துண்டைப் பாலமாக வைத்தோம். அப்பா மெதுவாக ஏறினார். லேசாக வளைந்தது, அவ்வளவுதான். குதிகாலைத் தூக்கித் தூக்கி அழுத்திப் பார்த்தார், உடையவில்லை. இறங்கி, துண்டைத் திருப்பி அடிப்பக்கத் துணியைக் கட்டைவிரலால் தடவினார். ஆள் நிற்கும்போது மேல் துணி நசுங்கப் பார்க்கும், கீழ்த் துணி இழுபடும். நடுவில் உள்ள ஃபோமின் வேலை இரண்டையும் விலக்கிப் பிடிப்பது மட்டும்தான். இரும்பு கர்டரில் மேலும் கீழும் பட்டை, நடுவில் மெல்லிய தகடு இருக்கிறதே, அதே கணக்கு. "அப்ப துணி ஒட்டறதுலதான் எல்லாம் இருக்குது" என்றார். சரிங்கப்பா, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

2024 ஏப்ரல் 17, புதன்

ஒரு தப்பு செய்துவிட்டேன். கதவுக்காக 1 அங்குலப் பலகை இரண்டை முகத்தோடு முகம் வைத்து அதே மரப்பசையால் ஒட்டியிருந்தேன். எட்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் காய்ந்து, நடுவில் மோர் போல அப்படியே இருக்கிறது. யோசித்தால் காரணம் எளிது: அந்தப் பசையில் தண்ணீர் ஆவியானால்தான் பிடிக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் புகாத ஃபோம் இருந்தால் ஆவி எங்கே போகும்? துணியை ஒட்ட அது சரி, துணி மூச்சு விடும். ஃபோமோடு ஃபோம் ஒட்ட பாலியூரிதேன் பசைதான். அது ஈரத்தில் இறுகும். ஒரு முகத்தில் பசை, மறு முகத்தில் தண்ணீரைத் தெளித்து வைத்தால் நுரைத்துக்கொண்டு பிடிக்கிறது. நுரைக்கும்போது பலகையைத் தள்ளும் என்பதால் மேலே பாரம் வேண்டும். 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை நான்கை ஏற்றினோம்.

அப்பாவுக்கு ரெக்சின் ஒட்டும் சொல்யூஷன் மேல்தான் நம்பிக்கை. ஒரு சொட்டைக் கழிவுத் துண்டில் விட்டுக் காட்டினேன். சொட்டு விழுந்த இடம் சுருங்கி, பள்ளமாகி, பாகு போல இழுத்தது. "பெட்ரோல்ல தெர்மாகோல் போட்டாப்ல" என்று அந்த டின்னைத் தானே எடுத்துக் கராஜின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தார். ஸ்ப்ரே பெயின்ட், அசிட்டோன், பாலியஸ்டர் ரெசின் எதுவும் இதன் பக்கம் வரக் கூடாது.

2024 ஏப்ரல் 27, சனி

பெட்டி எழுந்தது. தரையில் 5 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன் கீழ் ஃபோம். இரண்டு பக்கச் சுவர், நடு உயரம் 4 அடி. முன்பக்கம் வளைவு. 2 அங்குலப் பலகை அப்படியே வளையாது. உள்முகத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பாதி ஆழம் அறுத்துவிட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக அழுத்தினால் தோசை மடிவது போல மடிகிறது. அறுத்த இடுக்குகளில் பசை.

இடைவெளிகளில் பட்டி பார்த்தோம். உப்புத்தாள் போட்டால் பிங்க் தூள் எல்லா இடத்திலும். மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கதவு, ஜன்னல், கூரை ஃபேன், கொக்கி வரும் இடங்களில் எல்லாம் ஃபோமைக் குடைந்து மரச்சட்டம் பதித்தாயிற்று. ஃபோமில் திருகாணி நிற்காது.

2024 மே 18, சனி

இந்த நாளுக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன். காலையிலேயே 68 டிகிரி.

பெயின்டர்கள் தரையில் விரிக்கும் கேன்வாஸ் துணியை வெந்நீரில் துவைத்து, காய வைத்து, அம்மா தேய்த்துக் கொடுத்தார். ஃபோமின் மேல்தோல் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும், பசை பிடிக்காது. அதனால் வால்பேப்பரைக் கிழிக்கும் முள் உருளையை எல்லா இடத்திலும் ஓட்டி ஊசித்துளை போட்டேன். பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ரோலரால் ஃபோமில் தேய்க்க வேண்டும். துணியை விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும். பிறகு துணி மேல் இன்னொரு பூச்சு, நூல் நனைந்து நிறம் மாறும் வரை.

பக்கச் சுவர் சுலபமாக முடிந்தது. கூரைத் துணியை வளைவில் பக்கவாட்டுக்கு மடக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வளைவில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழுகிறது. நான் கத்தரியை எடுத்து வி வடிவில் வெட்டப் போனேன்.

"அம்மிணி, கத்தரியக் கீழ வை."

அப்பாதான். கூரைத் துணியை விளிம்போடு நறுக்கிவிடச் சொன்னார். பக்கத் துணியையும் அதே விளிம்போடு நறுக்கினார். மிச்சத் துணியைத் தரையில் விரித்து, மூலையிலிருந்து மூலைக்கு மடித்து, அந்த மடிப்புக் கோட்டுக்கு இணையாக 6 அங்குலப் பட்டைகளாக வெட்டினார். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற கிராஸ் பீஸ்தான்! நேர் நூலில் வெட்டிய துணி இழுத்தாலும் வராது, குறுக்கில் வெட்டியது ரப்பர் போல வரும். பட்டையைப் பசையில் முக்கி, இரண்டு விரலால் வழித்து, விளிம்பின் மேல் வைத்து, இடது கையால் லேசாக இழுத்துக்கொண்டே வலது உள்ளங்கையால் அமுக்கிப் போனார். முன் வளைவு முழுவதும் ஒரு சுருக்கம்கூட இல்லை. இழுத்த இடத்தில் நெசவுக் கட்டங்கள் சாய்சதுரமாக மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. கையெல்லாம் பசை வழிய, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பட்டைக்குக் கையை நீட்டினார். நான் முக்கி முக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று கேலன் பசை தீர்ந்தது.

2024 மே 20, திங்கள்

காய்ந்துவிட்டது. துணி சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகியிருக்கிறது. விரலால் சுண்டினால் ணங் என்கிறது.

2024 ஜூன் 2, ஞாயிறு

வெளிச்சுவருக்கான லேடெக்ஸ் பெயின்ட், மூன்று கோட். முழுக்க வெள்ளை. என் கணவருக்கு அடர் நீலம் அடிக்க ஆசை. இந்த ஃபோம் 165 டிகிரிக்கு மேல் தாங்காது. கோடை வெயிலில் அடர் நிறம் அதைத் தொட்டுவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

வயரிங்கும் ஆயிற்று. வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோம் எரிந்தால் வருகிற புகை பொல்லாதது. அதனால் இரண்டு பக்கமும் கதவு, உள்ளே அடுப்பே கிடையாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்டு. காற்றுப் புகாத பெட்டி என்பதால் ஃபேனும் ஒரு ஜன்னல் கீற்றும் இரவு முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் விடும் மூச்சே விடிவதற்குள் சுவரில் தண்ணீராக வழியும்.

2024 ஜூன் 8, சனி

கல், மண் விற்கும் யார்டில் எடை மேடையில் ஏற்றினோம். மெத்தை, பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் சேர்த்து 580 பவுண்டு. காகிதச் சீட்டை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, காரோடு மாட்டும் கொக்கி முனையைக் குளியலறை எடை மிஷின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து இறக்கினேன். 41 காட்டியது. போதாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லரின் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பித்து, காரையே திருப்பிவிடும். அப்பாவுக்கு விளக்கவே தேவையில்லை. "பின்னால ஓவர்ஹாங்ல லோடு ஏத்துன பஸ்ஸாட்ட" என்றார். பின் அலமாரியில் இருந்த பேட்டரியை முன்னால் மாற்றினோம். 64. சரி.

2024 ஜூன் 22, சனி

டி.எச். டே கேம்ப்கிரவுண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்லீப்பிங் பேர் மணல்குன்றுகளுக்குப் பக்கத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில். நேற்று வீட்டிலிருந்து ஏறக்குறைய 250 மைல். இரண்டு இடத்தில் நிறுத்தினோம். இரண்டு தடவையும் கார் நின்றதும் அப்பாதான் முதலில் இறங்கினார். புறங்கையை ட்ரெய்லரின் ஹப் மேல் வைப்பார், பேரிங் சூடாகிறதா என்று. இடது, பிறகு வலது. ஒரு தலையசைப்பு. பிறகுதான் காபி.

ஒன்பதரை வரை சூரியன் மறையவில்லை. அம்மா ஏரியைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்வது போல ட்ரெய்லரின் கதவு விளிம்பில் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டு, தயிர்சாதம் சாப்பிட்டார். அப்படியே காலை உள்ளே எடுத்துப் படுத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் பக்கத்தில் டென்ட்.

இரவு இரண்டு மணிக்கு நல்ல மழை. டென்ட்டில் எனக்குத் தூக்கமே வரவில்லை. துணி, விளிம்பு, ஃபேன் சட்டம் என்று ஒவ்வொரு இடமாக மனசு போய்க்கொண்டிருந்தது. விடிந்ததும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அம்மா எழுந்து வெளியே வந்து பல் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார், யார் கையையும் பிடிக்காமல். அப்பா உள்ளே டார்ச் வைத்துக்கொண்டு, கூரையும் சுவரும் சேரும் மூலையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மேல ஒரு சொட்டு இல்ல கண்ணு. வலது கதவுக்குக் கீழ மட்டும் ஈரம். இடுக்க அடைக்கிற பீடிங் அரை அங்குலம் குறையுது. ஊருக்குப் போறதுக்குள்ள மாத்திப்புடலாம்."

நோட்டில் குறித்துக்கொண்டேன்: வலது கதவு, கீழ் பீடிங், அரை அங்குலம்.